இறங்கிய ஓடுகள்

மறுபடியும் கூரையில் நாலு ஓடு குறைந்திருந்தது.

"மூணாவது நாளு சார்! என் கொட்டாயை வாடகைக்கு வுட்டேனா, பிரிச்சிப் போட வுட்டேனா?" என்று கத்தினாள் சொந்தக்காரி கனகாம்பாள்.

கல்லூரி வாத்தியார் சிவப்பிரகாசத்துக்குத் தலை சுற்றியது. ஏம்பலம் கிராமத்தில் இந்தக் கொட்டகையைப் பிடித்து, பழைய ஜீப் எஞ்சின் ஒன்றை ஹைட்ரஜன் வாயுவில் ஓட்டப் பார்க்கிறார். ஓடிவிட்டால் நாளைக்கு பஸ், லாரியெல்லாம் புகை கக்காமல் போகும். வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள். அன்றைக்கு ஓடாவிட்டால் ஆராய்ச்சிக்குத் தலைமுழுக்குதான். நடுவில் மழை வந்து எஞ்சின் நனைந்தால் தொலைந்தது.

திருடன் என்றால் ஓட்டைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். இவனோ பத்திரமாக இறக்கி, சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டுப் போகிறான். இது என்ன மாதிரித் திருட்டு? மனுஷன் குழம்பிப் போனார்.

"எல்லாம் அந்த டீசல் கடை சமது பாய் வேலைதான். ஒங்க எஞ்சின் ஓடுச்சின்னா அவுரு கடையை மூட வேண்டியதுதான?" என்றாள் கனகாம்பாள்.

அட, ஆமாம்!

மதியம் சாப்பிடப் போவதுபோல் கிளம்பிப் பாதியில் திரும்பினார் சிவப்பிரகாசம். சுவரில் ஏணி. கூரைமேல் அப்துல் சமது, கையில் ஓட்டோடு.

"இறங்குங்க பாய்! வயசுக்கேத்த வேலையா இது?"

சமது நிதானமாக இறங்கினார். ஓட்டை அடுக்கினார். தண்ணீர்த் தொட்டியடியில் கிடந்த சோப்பைக் குழைத்து வந்து, ஹைட்ரஜன் சிலிண்டர் குழாயின் மூட்டில் தடவினார்.

சோப்பு நுரை முட்டை முட்டையாகக் கிளம்பியது.

"வாயு கசியுது சார். இதுக்கு வாசனை கெடையாது, மேலதான் போவும்னு டீக்கடையில நீங்கதான சொன்னீங்க? ஓட்டுக்கடியில சேந்து நிக்கும். ஒரு பொறி பட்டா நீங்க மிஞ்சுவீங்களா?"

சிவப்பிரகாசம் ஓடிப்போய் சிலிண்டரை மூடினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா பாய்?"

"போன வாரமே புஸ்ஸுன்னு சத்தம் கேட்டு, சொல்ல வந்தேன். டீசல் விக்கிறவருக்கு இதெல்லாம் இன்னா புரியும்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டீங்க."

"நீங்களே ஸ்பேனர் போட்டு முடுக்கியிருக்கலாமே?"

சமது கையைத் துடைத்துக்கொண்டார்.

"மிஷின்ல கை வெச்சிருந்தா, டீசல்காரன் கெடுத்துட்டான்னு சொல்லியிருப்பீங்க சார். அதான் ஓட்டுல வெச்சேன்."