முகம் தெரியாத சாட்சி

“முகத்தைத் திருப்புய்யா! உன் மூஞ்சியைப் பாக்கவா ஜனங்க சனிக்கிழமை டிவி முன்னாடி உட்கார்றாங்க?”

ஹோபார்ட் போட்ட சத்தத்தில் கோர்ட்டே அடங்கிப்போனது.

நிஜக் கோர்ட் இல்லை. ஹாலிவுட்டில் ஒரு ஸ்டூடியோவுக்குள் பலகையில் அடித்து நிறுத்திய கோர்ட். வாராவாரம் ஒரு பிணம் விழும், ஓர் அப்பாவி மாட்டுவான், கடைசியில் அவனுடைய வக்கீல் யாராவது ஒரு சாட்சியைக் குடைந்து நிஜக் கொலைகாரனைப் பிடிப்பார். அந்தத் தொடரை எடுக்கும் டைரக்டர்தான் ஹோபார்ட்.

இந்த வாரம் குடைபடுகிற சாட்சி மிலோ.

திரும்பினான்.

“இன்னும்!”

இன்னும் திரும்பினான். இப்போது கேமராவுக்குத் தெரிந்தது ஒரு காதும் பிடரியும்தான்.

“சார், நான் உடைஞ்சு அழற இடம் இது. முகமே தெரியலேன்னா...”

“பிடரியால அழு.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். மிலோவுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் ஹோபார்ட் இல்லை. கேமராவுக்குப் பின்னால் சாம்பல் தொப்பி போட்ட ஒருத்தன் வந்து நின்றிருந்தான். தொடருக்குப் பணம் போடுகிற சோப்புக் கம்பெனி ஆளாம்.

அவனைப் பார்த்து மிலோ பயந்ததற்குக் காரணம் இருந்தது. இளவயதில் சில கம்யூனிஸ்ட் கூட்டங்களுக்குப் போயிருந்தான். அந்தக் காலத்து அமெரிக்காவில் அதுவே குற்றம். பல வருஷம் கழித்து அரசாங்க விசாரணைக் கமிட்டி அவனைக் கூப்பிட்டு, “உன்கூட யார் யார் வந்தாங்க? பேரைச் சொல்லு” என்றது. சொல்லவில்லை. அன்றோடு சினிமா, நாடகம், டிவி எல்லாக் கதவும் சாத்திக்கொண்டன. அப்புறம் செருப்புக் கடையில் ஊரான் காலை அளந்துகொண்டிருந்தான்.

இந்த வேடம் வார்ட் லூமிஸ் என்ற பொய்ப் பெயரில் கிடைத்தது. நிஜப் பெயர் மிலோ கார்ஃபின் என்று தெரிந்தால் போச்சு. அப்புறம் சாகிற வரைக்கும் செருப்புதான்.

இதில் ஹோபார்ட் வேறு. காலையில் வரும்போது தோளைத் தட்டிப் பேசினார். கொஞ்ச நேரத்தில் ஏதோ ஃபோன் பேசிவிட்டு வந்ததும் ஆளே மாறிவிட்டார். மீசை ஒட்டச் சொன்னார். தடித்த கண்ணாடி மாட்டச் சொன்னார். அவன் முகத்தைக் கிட்டத்தில் காட்ட வேண்டிய காட்சியை அடித்தே விட்டார். அதற்கப்புறம் வார்ட் என்றுகூடக் கூப்பிடவில்லை. “ஏய் மீசை”தான்.

அரசாங்க வக்கீலாக நடிக்கும் எல்டன் பக்கத்தில் வந்தார். “விடுப்பா. நான் வாராவாரம் கேஸ் தோக்கறேன். எங்க தெரு பால்காரன்கூட என்னைப் பாத்துப் பாவப்படறான். இங்க வந்து மானம் ரோஷம் பாத்தா ஆகுமா?”

மானம் யாருக்கு வேணும்? இந்த நாள் முடிந்தால் போதும் மிலோவுக்கு.

“ஆக்‌ஷன்!”

அப்பாவியின் வக்கீலாக நடிப்பவர் சாட்சிக் கூண்டின் மேல் சாய்ந்தார். “அன்னைக்குப் படகுத் துறையில யாரைப் பாத்தீங்க? பேரைச் சொல்லுங்க!”

மிலோவுக்கு வசனம் மறந்துபோனது. அதே கேள்வி. அதே தோரணை. அந்தக் கமிட்டியில் இருந்தவரும் இப்படித்தான் சாய்ந்து கேட்டார்.

“கட்! என்னய்யா, நாக்கு செத்துப்போச்சா? கேட்டது ஒரே ஒரு பேரு!”

திரும்ப எடுத்தார்கள்.

“சொல்லிடறேன்... சொல்லிடறேன். ஹார்வி ட்ரெஸ்கோ! அவன்தான் சுட்டான்!”

குரல் நிஜமாகவே உடைந்தது. யாரும் அசையவில்லை. எல்டன் மூக்கை உறிஞ்சினார்.

ஹோபார்ட் மட்டும் அசரவில்லை. “கைக்குட்டையால மூஞ்சியைப் பொத்து. பொத்திக்கிட்டே இரு. நான் சொல்ற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. கட்!”

கட் என்றாரே தவிர, கையை எடு என்று சொல்லவில்லை. நல்லா நடித்தவனுக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது. இப்படியும் ஒரு மனுஷனா என்று எல்லாரும் முணுமுணுத்தார்கள்.

சாம்பல் தொப்பி கூண்டை நோக்கி வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தான். கைக்குட்டை ஓரமாக மிலோ பார்த்தான். தன்னுடைய முகம். பழைய முகம், மீசை இல்லை, கண்ணாடி இல்லை.

கைக்குட்டையை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டான்.

“யாரு இவன்?” என்றான் தொப்பிக்காரன்.

மிலோ கண்ணை மூடிக்கொண்டான். ஹோபார்ட் காட்டிக்கொடுக்கப் போகிறார். வேறென்ன செய்வார்?

“இவனா? அவசரத்துக்குப் பிடிச்ச ஆளு சார்” என்றார் ஹோபார்ட். “நடிப்பு சுத்தமா வரலை. பாத்தீங்கல்ல, என்ன பாடு படுத்தறான்! இந்த மூஞ்சியைக் காட்டினா உங்க சோப்பை எவனும் வாங்க மாட்டான்.”

தொப்பிக்காரன் சிரித்தான். “அது சரி, அந்த கார்ஃபின் என்ன ஆனான்? காலையில ஃபோன்ல சொன்னேனே, கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுங்கன்னு. தள்ளியாச்சா?”

“அப்பவே தள்ளியாச்சு. கோர்ட்டுக்குள்ள நின்னுக்கிட்டுப் பொய் சொல்வேனா?”

தொப்பிக்காரன் போட்டோவைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

கார்ஃபினை வெளியே தள்ளத்தான் சொல்லியிருந்தார்கள். ஹோபார்ட் தள்ளவில்லை; மீசைக்கும் கண்ணாடிக்கும் கைக்குட்டைக்கும் பின்னால் ஒளித்துவைத்தார்.