எல்லா வேலையும் செய்யலாம்

கெட்ட கட்டி இல்லை என்று சிஸ்டர் சொன்னதும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கும்பிட்ட கை இறங்குவதற்குள் முகம் வாடிவிட்டது.

ஊசி குத்தி எடுத்துப் பார்த்தாயிற்று. மார்பில் இருப்பது வெறும் நார்க்கட்டி. புனிதா சிஸ்டர் கையுறைக்குள் ஒரு கோலிக்குண்டைப் போட்டு, அவளை விரலால் அமுக்கிப் பார்க்கச் சொன்னார். குண்டு நழுவி ஓடியது.

"பாருங்க, பிடி கொடுக்காம ஓடுதா? உங்களுதும் இப்படித்தான். சாது. பரவாது. மாசத்துக்கு ஒருதரம் குளிக்கறப்ப நீங்களே தொட்டுப் பாருங்க. பெருசானாலோ, புதுசா எதாச்சும் தட்டுப்பட்டாலோ உடனே வாங்க. இல்லேன்னா ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன். அவ்வளவுதான்."

"ஆபரேஷன்?"

"எதுக்கும்மா? வேண்டவே வேண்டாம்."

அவள் நினைத்துக்கொண்டது ஓரகத்தி சாருமதியை.

சாருமதிக்கு வந்ததும் நார்க்கட்டிதான். என்ன, கர்ப்பப்பையில் வந்தது. எதுவும் அவளுக்கு ஒரு படி உசத்தியாகத்தான் அமையும்.

ஆபரேஷன் முடிந்து வந்த அன்று அது எலுமிச்சம்பழம் அளவு. நாத்தனார் வந்து விசாரித்தபோது சாத்துக்குடி. போன வாரம் எதிர்வீட்டுக்காரியிடம் தேங்காய்.

வெட்டி எறிந்த பிறகும் வளர்கிற கட்டியைக் கும்பகோணம் அதற்குமுன் கண்டதில்லை.

மூன்று மாதம் கனம் தூக்க வேண்டாம் என்றார் டாக்டர். இரண்டு தீபாவளி போய்விட்டது. சாருமதி இன்னும் தூக்குவது காபி டம்ளரை மட்டும்தான். மாமனார் கடைத்தெருவுக்குப் போனால் அவளுக்கென்று தனியாக மாதுளம்பழம் வரும்.

தண்ணீர்க் குடமும் கிரைண்டர் கல்லும் இவள் பங்கு.

கட்டி தட்டுப்பட்ட அன்று அழுதாள். நிஜமாகவே பயந்தாள். அந்தப் பயத்துக்கு அடியில், வெளியே சொல்ல முடியாத ஒரு சின்னக் கணக்கும் இருந்தது. இனி அந்தக் கல்லைச் சாருமதி தூக்குவாள்.

சிஸ்டர் விடவில்லை. கீரை சேர்க்கணும். உப்பைக் குறைக்கணும். தினம் அரைமணி நடக்கணும்.

"வீட்டு வேலை எல்லாம்..." என்று நூல்விட்டுப் பார்த்தாள்.

"தாராளமா. துவைக்கலாம், குடம் தூக்கலாம். எல்லா வேலையும் செய்யலாம்."

தலையில் நறுக்கென்று குட்டு வைத்த மாதிரி இருந்தது.

"செய்யக்கூடாதுன்னு ஒண்ணுகூடவா இல்ல, சிஸ்டர்?"

சிஸ்டர் யோசித்தார். இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"கவலைப்படக்கூடாது."

அதை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் ஒரு சொம்பைக்கூட அடுத்தவள் கையில் கொடுக்க முடியாது.

"வெளியில சார் உக்காந்திருக்காருல்ல? வரச் சொல்லுங்க, அவருக்கும் நானே எடுத்துச் சொல்லிடறேன்."

"ஐயோ, வேண்டாம் சிஸ்டர். நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்."

எவ்வளவு பாசம் என்று சிஸ்டர் சிரித்தார்.

கதவுக்கு இந்தப் பக்கமே நின்று முகத்தைச் சரிசெய்துகொண்டாள். பொய் சொல்லப் போவதில்லை. மறுபடி வரச் சொல்லியிருக்காங்க என்பாள். ஸ்கேன் என்பாள். ஒரு பெருமூச்சு விடுவாள். மீதியை அவர்களாக நினைத்துக்கொள்ளட்டும்.

அவள் வீட்டுக்காரர் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். கல்யாண சீசனில் பாத்திரக்கடைக் கல்லாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு அண்டாவுக்குப் பேரம் பேசினால் தெருக்கோடி வரை கேட்கிற குரல் அவருக்கு.

அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

அவளுடைய கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

அவள் பெருமூச்சு விட்டாள்.

"எதுவா இருந்தாலும் மெட்ராஸுக்குப் போயிடலாம்." குரல் எழும்பவே இல்லை. "கடை போனாப் போவுது. நீ இருந்தாப் போதும்."

அவளுக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

ஒண்ணுமில்லீங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவருக்கு இடம் விட்டாள்.

"என்ன சொன்னீங்க?" என்றாள். "சரியாக் காதுல விழல."