பூனைக்கு இடம் கொடுத்தவர்

ஆரணியில் தெருப் பூனைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து, பிடித்த தெருவிலேயே திரும்ப விடுவது ஜெபராணி டீச்சரின் ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆபரேஷன் ஆன பூனையை ஓர் இரவு வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் யாரும் முன்வரவில்லை. நெசவாளர் குமரேசன் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"எங்க வூட்ல இருக்கட்டும் டீச்சர். காலைல நானே தொறந்து உட்டுடறேன்."

டீச்சர் நெகிழ்ந்துபோனார். எதிர்வீட்டு நெசவாளர் பழனியிடம், "அவருக்கு இருக்கிற இரக்கம் இந்தத் தெருவுல யாருக்கும் இல்லீங்க" என்றார்.

பழனி துண்டை உதறித் தோளில் போட்டார். "அடுத்த பூனைய எனக்குக் குடுங்க."

"உங்களுக்குப் பூனைன்னாலே ஆகாதே?"

"ஆகாதுதான். திங்கக்கெழம நான் சேலை மூட்டைய எடுத்துகினு படி எறங்கும்போதுதான் அவன் கூண்டத் தொறக்கறான். பூனை குறுக்க ஓடுது. நான் உள்ள போயி குந்தி, தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பறதுக்குள்ள அவன் சேலையெல்லாம் கடையில வித்துப்பூடுது."

டீச்சர் கையிலிருந்த காலிக் கூண்டைப் பார்த்தார்.

"வர்ற திங்கக்கெழம அவன் புள்ளைக்குப் பொண்ணு பாக்கப் போறாங்க" என்றார் பழனி. "கறுப்புப் பூனையா இருந்தா தேவல டீச்சர்."