முதல் நாள் சட்டை

வரவேற்பறை சோபாவின் நுனியில், இன்று வேலைக்குச் சேர வந்த புரோகிராமர் உட்கார்ந்திருக்கிறார். புதுச்சட்டையில் மடிப்புக் கோடுகள் இன்னும் கலையவில்லை. மடியில் சாப்பாட்டுப் பை. இருந்த வேலையை விட்டுவிட்டு வரும்படி அவரைப் பேசிப் பேசிக் கரைத்தவள், கம்பெனிகளுக்கு ஆள்பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்ட்டான இவள்தான். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் இவள் காதில் வைத்த போனில், மாடியிலிருந்து மேனேஜரின் குரல் குழைகிறது.

"மேலிடத்துல ஆள் எடுக்கறதை நிறுத்தச் சொல்லிட்டாங்கம்மா. நீங்களே பக்குவமா சொல்லி அனுப்பிடுங்க. உங்க ஆளுதானே."

இன்டர்வியூ முடிந்த அன்று 'நம்ம ஆளு' என்று துள்ளிய அதே வாய். இறங்கி வந்து முகத்தைக் காட்டத் துப்பில்லை. இவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. கதவைத் தள்ளிக்கொண்டு போகிறாள். அவர் எழுந்து சட்டையை நீவிவிட்டுச் சிரிக்கிறார். இவள் ஸ்பீக்கரைப் போட்டு, போனை அவர் முன் நீட்டுகிறாள்.

"அவர் எதிர்லதான் நிக்கிறேன் சார். இப்ப சொல்லுங்க."

போனில் ஏ.சி.யின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. புரோகிராமர்தான் போனை நோக்கிப் பணிவாகக் குனிந்து, "குட் மார்னிங் சார்" என்கிறார்.