மண்ணு தள்ளாத சாவு

வண்டி வந்து அரை மணி நேரம் ஆச்சி. உள்ள பச்சைமுத்து படுத்திருக்காரு, கழுத்துல ஒரே ஒரு மாலை. பின்கதவு இன்னும் மூடல.

மூட வுடாம கரையில நாப்பது படகு நிக்குது.

பழவேற்காட்டுப் பக்கத்துல இந்தக் குப்பத்துல சாவுன்னா, யாரும் ஏரியில எறங்க மாட்டாங்க. பொணத்தைக் குழியில வெச்சி, மகன் மொத மண்ணு தள்ளி, ஒரு ஆளு கரைக்கு வந்து "ஆச்சி"ன்னு சொல்லணும். அப்புறம்தான் வலையைத் தொடுவாங்க.

பச்சைமுத்துவுக்கு மண்ணே கெடையாது. மெட்ராஸுல டாக்டருக்குப் படிக்கிற புள்ளைங்களுக்கு அவரு ஒடம்பைக் குடுக்கப் போறாங்க. அதுதான் நைனாவோட கடைசி ஆசைன்னு மகன் தமிழ்வேந்தன் சொல்லிட்டான்.

காலையிலேர்ந்து ஒரே கத்தல். ஒரு சித்தப்பன் அடிக்கவே பாஞ்சான். ஆனா செத்தவன் ஆசைன்னதும் ஒவ்வொருத்தரா அடங்கிட்டாங்க. அந்த வார்த்தைக்கு மேல இந்த ஊர்ல யாரும் பேச மாட்டாங்க.

இப்ப கேள்வி வேற. மண்ணு இல்லன்னா எப்போ ஏரிக்குப் போறது?

மழை வுட்டு மூணு நாளா இறால் ஓடுது. ஆம்பளைங்க தண்ணியைப் பாக்குறாங்க, வண்டியைப் பாக்குறாங்க, அப்புறம் தமிழ்வேந்தனைப் பாக்குறாங்க.

"மூணாங்கிளாஸ் தாண்டாத மனுசன், காலேஜுக்குப் போறாரு பாரு"ன்னான் படகுகிட்ட நின்ன சிவகுமார். ரெண்டு பேரு சிரிச்சிட்டு, சட்டுனு வாயை மூடிக்கினாங்க.

தமிழ்வேந்தனுக்கு ஒரு எடத்துல நிக்க முடியல. செருப்பைக் கழட்டுறான், மறுபடி மாட்டுறான். போனை எடுக்குறான், எதுக்கு எடுத்தோம்னு தெரியாம பையில போடுறான்.

அவன் மனிதநேய மன்றத்துச் செயலாளர். மன்றத்தோட நோட்டீசை எழுதுனதே அவன்தான். சாதி பாக்காத கல்யாணம். தூக்கு தண்டனை வேணாம். ஏரியில வலை போடுற முறையில பொம்பளைங்களுக்கும் பங்கு வேணும். செத்த ஒடம்பு படிப்புக்கு. இப்படிப் பதினோரு தீர்மானம். பஸ்ல, டீக்கடையில, எவன் மடக்கிக் கேட்டாலும் கையில பதில் வெச்சிருப்பான்.

படகு எப்போ எறங்கணும்னு மட்டும் அதுல எழுதல.

ஊர்த் தலைவர் தனசேகர் கிட்ட வந்தாரு. செத்தவரோட ஒரே படகுல முப்பது வருசம் போனவரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துது. அவரேதான் ஒரு வழி சொன்னாரு.

"தம்பி, மண்ணு வேணாம் வுடு. தண்ணியில கை வெச்சி, எங்க நைனா மனசாரச் சொன்னாருன்னு ஒரு வார்த்தை சொல்லு. அதையே மண்ணு தள்ளுனதா எடுத்துக்குறோம். வண்டியும் போவட்டும், படகும் போவட்டும்."

ஊரு இவ்ளோ எறங்கி வரும்னு அவன் நெனைக்கவே இல்ல.

மன்றத் தலைவி ஹேமாவதி டீச்சர் காதுகிட்ட வந்தாங்க. "சொல்லிட்டு வாப்பா. சத்தியம் கித்தியம்லாம் நமக்கு இன்னா? வெறும் தண்ணிதானே."

வெறும் தண்ணிதான். கூட்டத்துல அவனே எத்தனையோ தடவை மைக் புடிச்சிச் சொன்னதுதான்.

பேண்ட்டை மடிச்சிக்கினு எறங்குனான். மொழங்கால் தண்ணி. குனிஞ்சி கையை வெச்சான். கரையில இருந்தவங்க எல்லாம் தலைத்துண்டை அவுத்துக் கையில வெச்சிக்கினாங்க.

"எங்க நைனா..."

அதோட நின்னுடுச்சி. காலுக்கடியில சேறு உள்ள வாங்குது. இன்னும் ரெண்டு வார்த்தைதான். டிரைவர் ஆரன் அடிச்சாரு, யாரோ அவரை அதட்டுனாங்க.

தமிழ்வேந்தன் நிமிராமலே தனசேகருக்குச் சொன்னான்.

"மாமா, அவரு சொல்லல. நல்லா இருந்தப்போ எப்ப கேட்டாலும் பாக்கலாம்டான்னு சொல்வாரு, அவ்ளோதான். வாதம் வந்து பேச்சு போன மறுநாளு, தூங்கிக்கினு இருந்தாரு. நான்தான் வெரலைப் புடிச்சி, ஒடம்பு குடுக்குற பாரத்துல கைநாட்டு வெச்சேன்."

ஹேமாவதி டீச்சர் மணலைப் பாத்துக்கினு நின்னாங்க. அந்த பாரத்துல சாட்சிக் கையெழுத்து அவங்களோடது.

பச்சைமுத்து பொண்டாட்டி ருக்கு, வண்டிக் கதவைப் புடிச்சிக்கினு நின்னுட்டு இருந்தா. காலையிலேர்ந்து அழுததோட சரி. இப்பதான் பேசுனா.

"மை போவவே இல்ல. தேங்காண்ணை தொட்டு நான்தான் தேச்சி எடுத்தேன்."

தனசேகர் அவ பக்கம் திரும்புனாரு. "தெரிஞ்சிக்கினேவா இருந்த? இவ்ளோ சண்டை நடந்துதே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"ன்னாரு.

"என்னை யாருண்ணா கேட்டீங்க?"

தண்ணியில வெச்ச கையை எடுக்கறதா வேணாமான்னு தெரியாம அப்படியே குனிஞ்சிக் கெடந்தான் தமிழ்வேந்தன். பதினோரு தீர்மானம் எழுதுனவன்.

தனசேகர் கையில இருந்த துண்டால மொகத்தைத் தொடச்சாரு. "சரி. இப்ப கேக்குறேன். வண்டி போவட்டுமா? இல்ல, எறக்கி மண்ணுல வெக்கட்டுமா?"

ருக்கு வண்டிக்குள்ள எட்டிப் பாத்து, வெளிய நீட்டிக்கினு இருந்த புருசன் காலை வேட்டியால மூடி வுட்டா.

"இருண்ணா, யோசிக்கணும்"னு மணல்ல ஒக்காந்தா.

டிரைவர் இஞ்சினை நிறுத்துனாரு. நாப்பது படகும் அவளுக்காக நின்னுது.