நடந்து போன ஹெல்மெட்

“ஹெல்மெட்டிலை கமரா பூட்டக்கூடாது எண்டு எந்தச் சட்டத்திலை கிடக்கு, சேர்?”

“பூட்டலாம் எண்டு எதில கிடக்கு?”

இரணைமடுக் குளக்கட்டுக்கு ஏறும் இடத்தில், மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே சுதாகரன் வாதாடிக்கொண்டிருந்தார். மறித்தவர் ஒரு பொலிஸ் சார்ஜன்ட். பக்கத்தில் கச்சான் கடலை விற்ற றம்லா, சுண்டுப் பேணியால் அளந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

விழுந்தால் அந்தக் கமரா மண்டைக்குள் இறங்கிவிடும் என்றார் சார்ஜன்ட்.

ஓட்டை போடவில்லை, பசையால்தான் ஒட்டியிருக்கிறேன் என்றார் சுதாகரன்.

ஐம்பதை நெருங்கிய ஆளுக்கு யூடியூப் ஆசையோ என்று சார்ஜன்ட் கேட்க, சுற்றி நின்ற சனம் சிரித்தது. சுதாகரனுக்குக் காது சுட்டது.

அவருக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. விடாமல் பெய்த மழையில் குளம் நிரம்பி, கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். பொழுது படமுன் அந்தத் தண்ணீரை ஓராளுக்குக் காட்டியாக வேண்டும்.

கமரா பார்த்ததெல்லாம் அவருடைய சட்டைப்பையில் இருந்த போன் வழியாக உருத்திரபுரத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் அங்கே தெரிந்தது சார்ஜன்டின் மூக்கும் மீசையும்தான்.

திடீரென்று சட்டைப்பைக்குள் இருந்து ஒரு குரல் கத்தியது.

“சுதா, அவரின்ரை முகத்தை விட்டிட்டு அங்காலை திரும்படா. சத்தம் கேக்குது. வான் பாயுதடா, வான் பாயுது!”

சார்ஜன்ட் இங்கே வேலைக்கு வந்த பிறகு காதால் கேட்டுத் தமிழ் பழகியவர். அவருக்கு வான் என்றால் நாலு சில்லு வைத்த வான்தான்.

சுதாகரனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவோரப் புல்லுக்குள் பாய்ந்தார். மோட்டார் சைக்கிள் சரிந்து விழுந்தது. றம்லாவின் கச்சான் பாதி நிலத்தில்.

பாய்ந்து வந்த வான் எதையும் காணவில்லை.

குளம் நிரம்பி வழிவதைத்தான் இங்கே வான் பாயுது என்று சொல்வது என்று றம்லா விளங்கப்படுத்தினாள். சார்ஜன்ட் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தார். பிறகு, போனில் யார் என்று கேட்டார்.

தன்னை இழுத்துக் காப்பாற்றப் பார்த்த மனிசனோடு சுதாகரனுக்கு அதற்கு மேல் சண்டை பிடிக்க மனம் வரவில்லை. சொன்னார்.

அது அவருடைய அண்ணன் பரமலிங்கம். கடைசிச் சண்டையில் ஷெல் துண்டு கழுத்தில் பட்டதிலிருந்து படுக்கை. உடம்பும் அசையாது, கழுத்தும் திரும்பாது. கட்டிலில் கிடந்தபடி கூரையைத்தான் பார்ப்பார். அந்தக் கூரையில் கட்டித் தொங்கவிட்ட போனில்தான் இப்போது இதைப் பார்க்கிறார். போன மாதத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார், மருந்தும் வேண்டாமாம். வான் பாய்கிறதை ஒருக்கால் பார்த்தால் காணும், அது போதும், பிறகு என்னை விட்டுவிடுங்கோ என்று சொல்லியிருக்கிறார்.

சார்ஜன்ட் கமராவையும் விழுந்து கிடந்த மோட்டார் சைக்கிளையும் பார்த்தார். கமராவைக் கழற்றி ஹாண்டிலில் பூட்டினால் பிரச்சினை இல்லையே என்றார்.

“ஹாண்டில் றோட்டைத்தான் பாக்கும், சேர். அண்ணைக்கு வேண்டியது திரும்பிற தலை ஒண்டு.”

 சார்ஜன்ட் மோட்டார் சைக்கிளைத் தூக்கி நிறுத்திப் பூட்டி, திறப்பைக் கழற்றித் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டார். 

“பைக் ஓடுற ஆளுக்குத்தான் சட்டம், அண்ணே. நடக்கிற ஆளுக்கு இல்ல. போ. நான் பைக் பாக்கிறன்.”

சுதாகரன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நடந்தார்.

குளக்கட்டில் நின்ற சனம் விலகி விலகிச் சிரித்தது. தண்ணீர் தலையில் அடிக்கும் என்று பயமோ என்று யாரோ கேட்டார்கள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. காலுக்குக் கீழே கட்டு அதிரத் தொடங்கியிருந்தது.

கிட்டப் போகப் போகச் சிரித்த சனமும் அமைதியாகிவிட்டது.

மண்ணிறத் தண்ணீர் கதவுகளுக்குக் கீழால் கிளம்பி, விழுந்து, எழும்பி, வெள்ளையாய் வெடித்தது. புகைபோல எழும்பிய தூவானம் முகத்தில் அடித்தது. அந்த இரைச்சல் நெஞ்சுக்கூட்டுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. கரையில் நின்ற பெரிய மரமொன்று வேரோடு வந்து, ஒரு ஈர்க்கு மாதிரிச் சுழன்று மறைந்தது. எத்தனையோ மாரிக்கு வந்து பார்த்தவர்தான் சுதாகரன். இன்றைக்கு இரண்டு பேருக்குமாகப் பார்த்தார். கை தானாகவே கும்பிட்டது.

அண்ணன் போனில் இடப்பக்கம் என்றார். சுதாகரன் தலையை இடப்பக்கம் திருப்பினார். கீழே என்றார். குனிந்தார். மேலே என்றதும் நிமிர்ந்து, கொக்குக் கூட்டம் ஒன்று தூவானத்துக்குள் புகுந்து வெளிவருவதைப் பார்த்தார்.

பிறகு நெடுநேரம் போனில் சத்தமே இல்லை.



சுதாகரனுக்குக் கேட்கப் பயமாக இருந்தது. என்றாலும் கேட்டார்.

“காணுமோ, அண்ணை?”

தண்ணீர் இரைந்துகொண்டே இருந்தது.

“காணாது.”

அதற்குப் பிறகு பரமலிங்கம் சொன்னது, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனிடம் போக வேண்டுமாம். கோயிலை மட்டும் பார்த்தால் போதாதாம், போகிற வழி முழுக்கவும் பார்க்க வேண்டுமாம். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கும் வந்தார்.

உருத்திரபுரத்திலிருந்து வற்றாப்பளை வரைக்கும் ஹெல்மெட்டோடு நடக்க சுதாகரனின் முழங்கால் விடாது. சார்ஜன்டும் யாரையோ கேட்டுச் சொல்கிறேன் என்றவர், இன்னும் சொல்லவில்லை.

அதனால் இதை வாசிக்கிறவர்களில் சட்டம் தெரிந்தவர்கள் இருந்தால் கீழே பதில் போடுங்கள்: ஹெல்மெட்டில் கமரா பூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடலாமா, கூடாதா? தயவு செய்து வைகாசிக்கு முன் சொல்லுங்கள்.