மூக்கு உடைந்த பீக்கர்

"சார், எரியுது சார்! ஓடி வாங்க!"

ஆய்வு மாணவி போட்ட கூச்சலில் பேராசிரியர் அரக்கப் பரக்க ஓடி வந்தார். இரண்டு இடுக்கிகளுக்கு நடுவே கறுப்பு ஜெல் துண்டு ஒன்று. இழுத்தால் ரப்பராய் நீண்டது. நீண்டாலும் அதன் வழியே மின்சாரம் பாய்ந்து, குட்டி பல்பு ஜம்மென்று எரிந்தது.

"அடேயப்பா! எப்படிம்மா?"

"அதான் தெரியலை சார்!"

வெறும் ஜெல் நன்றாக நீளும், மின்சாரம் கடத்தாது. கார்பன் நானோகுழாய்த் தூள் கடத்தும், ஆனால் ஜெல்லுக்கான தண்ணீரில் போட்டால் கட்டி தட்டும். இருபத்து மூன்று முறை அப்படித்தான் அவள் மானத்தை வாங்கியது. நேற்றுக் கலந்தது மட்டும் மை போலச் சீராகப் பரவிவிட்டது.

"இன்னைக்குக் காலையில அதே அளவுல இன்னொண்ணு கலந்தேன். மறுபடியும் கட்டி!"

மூன்று மணிக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்கள் கண்ணெதிரே கலந்து காட்டாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழாதான்.

"ஒரே வித்தியாசம் பீக்கர் சார். நேத்து அந்த மூக்கு உடைஞ்சதுல கலந்தேன்."

பேராசிரியருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அவள் ஜெல்லை மோந்து பார்த்தாள். துள்ளிக் குதித்தாள்.

"எலுமிச்சை வாசனை! சோப்பு சார், சோப்பு! யாரோ அலசாம வெச்சிருக்காங்க. எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிக்கிற மாதிரி குழாயையெல்லாம் பிரிச்சு விட்டிருக்கு! ஆனா நம்ம லேப் சோப்புல வாசனையே கிடையாதே? யார்னு தெரிஞ்சா கால்லயே விழுந்துடுவேன்!"

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். 'மூன்று முறை அலசாதவர்கள் உள்ளே வரவேண்டாம்' என்று அவரே கைப்பட எழுதி ஒட்டியிருந்தார். போன மாதம்கூட ஒருவன் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"தோலை உரிச்சிடுவீங்கன்னு ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க சார். திட்ட மாட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்!"

"சத்தியமா திட்ட மாட்டேன்" என்றார் அவர், அவசர அவசரமாக.

பிறகு கதவைச் சாத்திவிட்டு, தன் மேஜையின் அடி இழுப்பறையிலிருந்து மஞ்சள் புட்டி ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்தார். குப்பென்று எலுமிச்சை வாசனை.

"முந்தாநாள் என் கப் உடைஞ்சுபோச்சும்மா. அந்த மூக்கு உடைஞ்ச பீக்கர்லதான் காப்பி குடிச்சேன். சோப்பு போட்டுத் தேய்ச்சிட்டிருக்கும்போது நீ வர்ற சத்தம் கேட்டுது, அப்படியே அலமாரியில வெச்சுட்டேன்."